நடுங்கும் கையும் பேசப்படாத வயிறும்

பார்க்கின்சன் நோய் என்றவுடன் எமது மனக்கண்ணில் தோன்றுவது நடுங்கும் ஒரு கை. தமிழில் நாம் அதற்கு இட்ட பெயரும் நடுக்குவாதம் என்பதே. ஒரு நோய்க்கு இடப்படும் பெயர், அந்த நோயில் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பாராமல் விடலாம் என்பதையும் தீர்மானித்துவிடுகின்றது. இந்நோய் கண்டவர்களிற் சிலருக்குக் கை நடுங்குவதே இல்லை. ஆனால் அவர்களுட் பலரின் வயிறு, கை நடுங்கத் தொடங்குமுன்னரே தன் இயல்பை இழந்துவிடுகின்றது. அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

மலச்சிக்கல், சிறிது உண்டவுடனேயே வயிறு நிரம்பிய உணர்வு, உப்புசம், குமட்டல், விழுங்குவதிற் சிரமம், வாயில் எச்சில் தேங்கி வழிதல் ஆகியவை யாவும் இந்நோயின் பகுதிகள். முதுமையின் இயல்பென்றோ உணவின் கோளாறென்றோ இவற்றை ஒதுக்கிவிடுவது எமது வழக்கமாக இருந்து வருகின்றது.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட செய்தியன்று. இலண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 ஆம் ஆண்டில் இந்நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்தபோது, ஆறு நோயாளரை மட்டுமே எடுத்துக்காட்டினார். அவர்களிற் சிலர் அவர் வீதியிற் கண்டவர்கள். அச்சிறிய நூலிலேயே மலச்சிக்கலையும், விழுங்க இயலாமையையும், எச்சில் வழிவதையும் அவர் பதிவு செய்துள்ளார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது பின்னர் ஏன் பின்தள்ளப்பட்டது?

மூளையின் இரசாயனத்தில் மருத்துவம் கண்ட பெருவெற்றியே அதற்குக் காரணம் என்று நான் கருதுகின்றேன். சர்ப்பகந்தி என்ற மூலிகை எமது பிராந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் பயன்பட்டு வந்தது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்ப்பின் என்ற பொருளை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசைவற்றுப் போயின. சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1957 இல் அவற்றுக்கு லெவோடோபாவைச் செலுத்தினார். அவை மீண்டும் எழுந்து நடமாடின. 1960 இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச்சும் ஏரிங்கரும், பார்க்கின்சன் நோயால் இறந்தோரின் மூளையில் டோபமைன் பெருமளவு குறைந்திருப்பதைக் காட்டினர். 1967 இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் கொட்சியாஸ், டோபாவை வாய்வழியாக உயர்ந்த அளவிற் கொடுத்துப் பயன் கண்டார். கார்ல்சனுக்கு 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அன்று தொடக்கம் இந்நோய் "மூளையில் டோபமைன் குறைவு" என்ற ஒற்றை வரிக்குள் அடங்கிவிட்டது. அவ்வரி பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று.

குடலின் சுவரில் பத்துக் கோடிக்கும் அதிகமான நரம்புக் கலங்கள் உள்ளன. பார்க்கின்சன் நோயாளரின் மூளைக் கலங்களிற் படியும் அல்பா சினுக்கிளின் என்ற புரதம், அவர்களின் குடல் நரம்புகளிலும் காணப்படுகின்றது. நோய் குடலில் தொடங்கி, வேகசு நரம்பின் வழியே மூளையை அடையலாம் என்ற கருதுகோளை ஜேர்மனிய ஆய்வாளர் ஹெய்கோ பிராக் 2003 இல் முன்வைத்தார். ஹவாய்த் தீவிலே 6790 ஆண்களை 24 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2001 இல் வெளியானது. நாளொன்றுக்கு ஒரு முறை கூட மலம் கழியாதவர்களுக்கு, ஒரு முறை கழிப்பவர்களை விட இந்நோய் வரும் வாய்ப்பு 2.7 மடங்கு இருந்ததாக அது கூறியது. இதைப் படித்து எவரும் கலங்க வேண்டியதில்லை. அந்த 6790 பேரில் நோய் கண்டவர்கள் 96 பேர் மட்டுமே. மலச்சிக்கல் உள்ளோரிற் பெரும்பாலோருக்கு இந்நோய் ஒருபோதும் வருவதில்லை. பிராக்கின் கருதுகோள் எல்லா நோயாளருக்கும் பொருந்துவதுமில்லை.

நோய் எங்கே தொடங்குகின்றது என்ற விவாதத்தை விஞ்ஞானிகள் தொடரட்டும். நோயாளியின் அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பது வேறொன்று. மூளைக்குரிய மாத்திரை வயிற்றின் வழியாகவே செல்ல வேண்டும். லெவோடோபா இரைப்பையில் உறிஞ்சப்படுவதில்லை. சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்படுகின்றது. இந்நோயில் இரைப்பை மெதுவாகவே தன்னை வெறுமையாக்குகின்றது. மாத்திரை அங்கே தங்கிவிட்டால் உடல் உறைந்தபடியே கிடக்கும். இறைச்சி, மீன், முட்டை, பால், பருப்பு ஆகியவற்றிலுள்ள புரதமும் லெவோடோபாவுடன் போட்டியிடுகின்றது. இரண்டும் ஒரே வாயிலால் உள்ளே செல்ல முற்படுவதே காரணம். இரும்புச்சத்து மாத்திரையும் அதன் பயனைக் குறைக்கும்.

என்னோடு பத்திரிகை அலுவலகத்திற் பணியாற்றிய ஒப்புநோக்குநர் ஒருவருக்கு இந்நோய் கண்டது. காலையில் பாணும் பருப்பும் உண்டு, ஒரு குவளை பாலுடன் மாத்திரையை விழுங்குவார். முற்பகல் முழுவதும் கதிரையை விட்டு எழ இயலாது. மருந்து பிடிக்கவில்லை என்று வீட்டார் முடிவு செய்தனர். மாத்திரையின் அளவும் கூட்டப்பட்டது. எதனோடு, எப்போது உட்கொள்கின்றார் என்று ஒரு தாதி கேட்ட பின்னரே நிலைமை மாறியது. உணவுக்கு அரை மணி நேரம் முன்னதாகத் தண்ணீருடன் விழுங்கத் தொடங்கியதும் முற்பகல்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. எல்லோருக்கும் இவ்வளவு இலகுவில் தீர்வு கிட்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இருக்க வேண்டும் என்றே சொல்கின்றேன்.

கேட்டாலும் எம்மவர் பதில் சொல்வார்களா என்பது அடுத்த வினா. மலம் கழிப்பதைப் பற்றிப் பேசுவது எமது சமூகத்தில் மரியாதைக் குறைவு. புலம்பெயர்ந்த நாடுகளில் இதன் பாதிப்பு இன்னும் கூடுதலானது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மொழி அறியாத தந்தையுடன் வைத்தியரிடம் செல்வது மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். அவர் முன்னிலையில், நான்கு நாட்களாகக் கழிவறைக்குப் போகவில்லை என்று அந்த முதியவர் எவ்வாறு வாய் திறப்பார்? "சாப்பாடெல்லாம் பரவாயில்லை" என்று மொழிபெயர்க்கப்படும். வைத்தியரும் கையை மட்டும் பரிசோதித்து அனுப்பிவிடுவார். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கோரும் வசதியுள்ள இடங்களில் அதைத் தயங்காது கோர வேண்டும். அது இயலாதெனின், முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

வேறு மருந்துகளிலும் விழிப்பு வேண்டும். குமட்டலுக்கென வழங்கப்படும் மெற்றோகுளோப்பிரமைட், மூளையில் டோபமைனின் செயலைத் தடுப்பதால் நடுக்கத்தையும் இறுக்கத்தையும் மோசமாக்கும். நடுக்கத்துக்கென வழங்கப்படும் பென்செக்சோல் மலச்சிக்கலைக் கூட்டும். வேறொரு வைத்தியரிடமோ மருந்துக் கடைக்கோ செல்லும்போது, பார்க்கின்சன் நோய் உண்டு என்பதை முதலிற் சொல்லிவிடுவது நல்லது. அதே வேளை, வைத்தியரைக் கேளாது லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது உயிராபத்தையே தோற்றுவிக்கக் கூடும்.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்புண்டு என்ற செய்தி பரவியதும், அதை விலைப்படுத்துவோரும் தோன்றிவிட்டனர். குடலைக் கழுவினால் நோய் அகலும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே உண்டு என்பது உண்மை. அந்த உண்மையே எச்சரிக்கையும் ஆகும். எவ்வளவு உண்டு என்று தெரியாத தூளை, அளந்து கொடுக்கப்பட்ட மாத்திரையுடன் சேர்த்து உண்பது, ஒரே மருந்தை அளவின்றி இருமுறை உண்பதற்கு ஒப்பாகும். கட்டுக்கடங்காத உடலசைவுகளும் மனக்குழப்பமும் அதனால் நேரலாம்.

இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் வழி இன்னும் கிட்டவில்லை. ஆனால் மலச்சிக்கலுக்கு வழியுண்டு. நார்ச்சத்துள்ள உணவு, போதிய தண்ணீர், இயன்ற நடை, தேவையெனில் வைத்தியர் தரும் மலமிளக்கி ஆகியவை பெருஞ்செலவு கோருபவை அல்ல. உண்ணும்போது அடிக்கடி புரையேறுமாயின் அதையும் உடனே சொல்ல வேண்டும். உணவு சுவாசப்பைக்குட் சென்று நிமோனியா ஏற்படுவது இந்நோயாளரிடையே முக்கிய மரண காரணங்களுள் ஒன்று.

ஆகவே வாசகர்களிடம் எனது வேண்டுகோள் இதுவே. உங்கள் வீட்டில் இந்நோயுள்ள ஒருவர் இருப்பின், அவர் எத்தனை நாட்களுக்கு ஒரு முறை மலம் கழிக்கின்றார், மாத்திரையை எந்நேரம் எதனுடன் விழுங்குகின்றார், உண்ணும்போது புரையேறுகின்றதா என்ற மூன்றையும் இரண்டு வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். அடுத்த முறை வைத்தியரைக் காணும்போது, அவர் கேட்காவிட்டாலும் அத்தாளை அவர் மேசையில் வையுங்கள்.