வீட்டை எண்ணுறாங்க, உறுதியை யார் எண்ணுறது?

சித்தி லயத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. இரண்டு அறை, குசினி, உள்ளேயே கழிவறை. மழை வந்தால் ஒழுகும் தகரத்துக்குக் கீழே சட்டி வைத்துவிட்டு விழித்திருந்தவர், இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார். போன வருஷம் வீட்டோடு ஒரு சின்னக் கடை போடலாம் என்று வங்கியில் கடன் கேட்கப் போனார். "வீட்டு உறுதி இருக்கா?" என்று கேட்டார்கள். சித்தியிடம் சாவி இருக்கு. திறப்பு விழாவில் எடுத்த போட்டோ இருக்கு. உறுதி இல்லை. திரும்பி வந்துவிட்டார்.

அரசாங்கக் கணக்கில் சித்தியின் வீடு "பூர்த்தியானது". அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மலையகத்தில் வீட்டுப் பிரச்சினை என்பது கூரைப் பிரச்சினை மட்டும் இல்லை. 10 அடிக்கு 12 அடி காம்பராவை வெள்ளைக்காரன் கட்டினான், சரி. சுதந்திரத்துக்குப் பிறகும் ஏன் அதற்குள்ளேயே இருந்தோம்? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பிரஜையாக இல்லாதவருக்கு அரச காணி எப்படிக் கிடைக்கும்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது, நடுவில் குடியிருக்கிறவருக்கு எதுவும் இல்லை. உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குப் போட்டோம். ஆனால் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும்வரை, நாங்கள் தெரிவு செய்த சபை எங்கள் தோட்டத்துக்குள் ஒரு பாதை போடுவதற்கே சட்டம் தடையாக இருந்தது.

நாட்டின் மற்றக் குடும்பங்களுக்கு இருந்த வழிகள் இந்த ஒரு சமூகத்துக்கு மட்டும் அடைக்கப்பட்டிருந்தன. அதனால்தான் இதை இனச் சமத்துவக் கேள்வி என்கிறேன்.

இப்போது கணக்கைப் பாருங்க. இந்திய உதவியில் இலங்கைக்கு 50,000 வீடுகள். அதில் மலையகத்துக்கு 4000. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதில் முதல் 1300 வீடுகளுக்கு அடிக்கல் வைத்தது 2024 பெப்ரவரியில். தேவையோ லட்சத்தைத் தாண்டும். அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் இடையிலேயே கிட்டத்தட்ட ஏழு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் கேட்பது மொத்த எண்ணிக்கையைத்தான். இந்த வருஷம் எத்தனை முடிந்தது, எத்தனை பேர் கையில் உறுதி வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

அளக்கிற முறையிலும் ஒரு சிக்கல் இருக்கு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. 2019 தரவுப்படி பல்பரிமாண வறுமை நாடு முழுவதும் 16 சதவீதம், தோட்டத்துறையில் 51 சதவீதம். இந்த எண் முக்கியம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "தோட்டம்" என்பது 20 ஏக்கருக்குக் குறையாத, 10 பேருக்குக் குறையாத தொழிலாளர் குடியிருக்கிற பெருந்தோட்டம். கொழும்பில் கடையில் வேலை செய்துகொண்டு வாடகை அறையில் இருக்கிற மலையகப் பையன் இதில் நகரவாசி. கலவரங்களுக்குப் பயந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பம் கிராமவாசி. நாளைக்கு ஒரு தோட்டம் துண்டு துண்டாகப் போனால், அங்கே ஒரு செங்கல்கூட வைக்காமலே "தோட்டத்துறை" வறியவர்களின் எண்ணிக்கை குறையலாம். அதை முன்னேற்றம் என்று சொல்ல முடியுமா?

"உறுதி குடுத்தா வித்துட்டுக் குடிச்சிடுவாங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம ஆட்களே சொல்றாங்க. பக்கத்துக் கிராமத்துக்காரருக்குக் காணி கொடுக்கும்போது யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டார்களா? இன்னும் சிலர், "முதலில் வீடு வரட்டும், பேப்பர் பிறகு வரும்" என்கிறார்கள். அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து என்று முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. சொந்தக் காணி இல்லாதவர் அதைக் கேட்டு எங்கே போவார்? தோட்டத்தை விட்டுத் தள்ளிப் போனால் வேலை என்னாகும்? அந்த இடத்தில் பேப்பர்தான் உயிர்.

2023இல் மலையகம் 200ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். அந்த நடையிலும் காணியும் வீடும்தான் கோரிக்கை. அதற்குப் பிறகு என்ன மாறியது என்று அளக்க நான்கு கேள்விகள் போதும். ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை குடும்பம் இன்னும் லயத்தில்? எத்தனை குடும்பத்தின் கையில் பதிவு செய்த உறுதி? அதில் எத்தனை பெண்களின் பெயரில்? எத்தனை வீட்டுக்குத் தோட்ட ஒபிஸ் வழியாக இல்லாமல் நேரடியாகக் கடிதம் வருகிற முகவரி? இவற்றை வருஷாவருஷம் மாவட்ட வாரியாக, மூன்று மொழியிலும் வெளியிட வேண்டும். பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென்று 2018இல் சட்டம் போட்டுப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை உருவாக்கினார்கள். இந்த வேலை அதனுடையதுதான்.

அவர்கள் செய்யும்வரை நாங்கள் சும்மா இருக்கத் தேவையில்லை. லீவுக்கு வீட்டுக்குப் போகிற கெம்பஸ் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு டிவிஷனை எடுத்து இந்த நான்கு கேள்வியைக் கேட்டு எழுதலாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது, பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாம். சித்தியின் பெயரில் நான் முதலாவதை எழுதி வைத்திருக்கிறேன். அனுப்புநர் முகவரியில் என்ன போடுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.