நாம் யாருக்கு அடிமையாக இருந்தோம்?

சென்ற சுதந்திர தினத்தன்று பக்கத்துப் பள்ளியில் ஒரு மாணவி பேசியது ஒலிபெருக்கி வழியே எங்கள் திண்ணை வரை கேட்டது. "இருநூறு ஆண்டுகள் நாம் அடிமைகளாக இருந்தோம்" என்றாள். ஐந்தாம் வகுப்பில் நானும் இதையேதான் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். ஆனால் இந்த 'நாம்' என்ற சொல் இப்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் ஒரு படியாள் இருந்தார். கூலியைப் படியால் அளந்து கொடுத்ததால் அந்தப் பெயர். என் அப்பாவைவிட மூத்தவர். அப்பாவை 'ஆண்டே' என்பார். பத்து வயதுப் பையன் நான் அவரை 'வாடா, போடா' என்றுதான் கூப்பிட்டேன். யாரும் என்னைக் கண்டிக்கவில்லை. அவர் மகன் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையும் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு வேலைக்கு வந்துவிட்டான். அப்பாவின் கணக்கு நோட்டில் அவர்களுக்கென்று ஒரு பக்கம் உண்டு. கடன் வருஷா வருஷம் ஏறியதே தவிர இறங்கியதாக அதில் இல்லை. அப்பா கெட்டவர் அல்ல. ஊரில் எல்லாரும் செய்ததைச் செய்தார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமா இது? நம் பக்கத்துத் திருவெண்ணெய்நல்லூரில்தான் சிவபெருமான் கிழவராக வந்து, சுந்தரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாக ஓர் ஆளோலையைக் காட்டி, 'இவன் எனக்கு அடிமை' என்று வழக்காடினார் என்கிறது பெரியபுராணம். நானும் அங்கே போய்க் கும்பிட்டவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பாட்டன் எழுதிய ஓலை பேரனைக் கட்டும் என்பது கதை கேட்டவர்கள் யாருக்கும் புதுமையாகப் படவில்லை. அந்தணர் அடிமையாவது உண்டா என்பதுதான் அங்கே கேள்வி. மற்றவர் ஆவது பற்றிக் கேள்வியே எழவில்லை.

செஞ்சியை எடுத்துக்கொள்வோம். 1640-களில் செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் விஜயநகரத்தை எதிர்த்தார்கள். பின்னாலேயே பீஜப்பூர்ப் படை வந்தது. வயல் பாழாகிப் பஞ்சம் வந்தது. வயிற்றுக்கில்லாமல் ஜனங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். டச்சுக் கம்பெனி வாங்கியது. 1646-இல் மட்டும் 2,118 பேர் கப்பலேறிப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சோழமண்டலக் கரையின் தென்பகுதியிலிருந்து போனவர்கள். தேசிங்கு ராஜாவுக்குக் கதைப்பாடல் இருக்கிறது, குதிரைக்குக்கூட அதில் பெயர் இருக்கிறது. இந்த 2,118 பேரில் ஒருவர் பெயரும் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

1843-இல் அடிமை மேல் உரிமை கோரும் வழக்கை எந்தக் கோர்ட்டும் ஏற்கக் கூடாது என்று கம்பெனி அரசு சட்டம் போட்டது. ஓலை போயிற்று, அதன் இடத்தில் கடன் வந்தது. கொடியேற்றி 29 ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்தக் கடன்கள் எல்லாம் செல்லாது என்றது. 'நாம்' 1947-இல் விடுதலை அடைந்துவிட்டோம் என்றால் 1976-இல் விடுதலை பெற்றவர்கள் யார்? அப்பா அந்தப் பக்கத்தை அடிக்கவில்லை. சட்டம் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

இன்றும் நம் மாவட்டத்தில் முன்பணம் வாங்கிய இருளர் குடும்பங்களைச் செங்கல் சூளையிலிருந்தும் மரம் வெட்டும் இடத்திலிருந்தும் மீட்டு, அதிகாரிகள் 'விடுதலைச் சான்றிதழ்' கொடுக்கிறார்கள். சுதந்திர நாட்டுக் குடிமகனுக்கு விடுதலை என்று ஒரு தாள்! அந்தத் தாள் இல்லாவிட்டால் மறுவாழ்வுப் பணமும் கிடைக்காது.

2025-இல் நம் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். கேப்டவுனில் டச்சுக்காரர்கள் அடிமைகளை அடைத்துவைத்த கட்டடம் இன்று அருங்காட்சியகம். இந்தியாவிலிருந்து பிடித்துப் போனவர்களும் அங்கே இருந்தவர்கள். அந்த ஊர் அதை இடித்து மறைக்கவில்லை. நம் கோட்டை வாசலிலும், யார் ஆண்டார்கள் என்று எழுதுகிற இடத்தில், யார் விற்கப்பட்டார்கள் என்று இரண்டு வரி எழுதட்டும். பெருமை குறைந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அப்பாவின் நோட்டு என் பீரோவில் இருக்கிறது. பழைய காகிதத்தையெல்லாம் எடைக்குப் போடச் சொல்கிறாள் மருமகள். இது மட்டும் வேண்டாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். பேரன் லீவுக்கு வரும்போது அந்தப் பக்கத்தை அவனிடம் காட்ட வேண்டும்.