போத்தல் ஊற்றி வால்வைக் கழுவ முடியாது



2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் இருந்ததையே ஓட்டினோம். பத்து வயதுக் கார்கூட இன்று ஒரு குடும்பத்தின் பெரிய சொத்து. அதற்கு ஒன்று ஆகிவிடுமோ என்ற பயத்தை வைத்தே "காபன் கிளீனிங்" வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காபன் படிவு உண்மையான பிரச்சினைதான். ஆனால் அதை நீக்கும் என்று விற்கப்படுபவற்றில் பல, அந்தப் படிவைத் தொடுவதே இல்லை.

காரணம் சாதாரண விஞ்ஞானம். பழைய முறை எஞ்சினில் இன்ஜெக்டர் காற்றுக் குழாயில் இருக்கும். பெற்றோல் உள்ளெடுப்பு வால்வின் பின்பக்கத்தில் தெறித்து, அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். நேரடி உட்செலுத்தல் எஞ்சினில் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. நூறு பாரையும் தாண்டிய அழுத்தத்தில் பெற்றோல் நேராக உள்ளே பீய்ச்சப்படும். எரிபொருள் சிக்கனம், வலு இரண்டும் கிடைக்கும். ஆனால் வால்வின் பின்பக்கத்துக்கு ஒரு துளி பெற்றோலும் வராது.

அங்கே வருவது காற்று மட்டுமல்ல. எஞ்சினுக்குள் எழும் ஓயில் ஆவியை வெளியே விடக்கூடாது என்பதற்காக பிசிவி வால்வு வழியாகக் காற்றுக் குழாய்க்கே திருப்பி விடுகிறார்கள். பல எஞ்சின்களில் புகையின் ஒரு பகுதியும் அதே வழியில் திரும்பி வரும். இவை சூடான வால்வில் ஒட்டி, கருகி, அடிப்பிடித்த சட்டி போல இறுகிவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தாங்கியில் ஊற்றும் கிளீனர் பெற்றோலோடுதான் போகும். பெற்றோல் போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்? தரமான கிளீனர் இன்ஜெக்டர் முனையையும் எரியறையையும் சுத்தம் செய்ய உதவும், அதை மறுக்கவில்லை. வால்வுப் படிவுக்கு அது மருந்தல்ல. ஹைட்ரஜன் கிளீனிங்கும் அப்படித்தான். அந்த வாயு எரிவது எரியறைக்குள்ளே, வால்வின் மறுபக்கத்தில் அல்ல. 95 ஒக்டேன் அடித்தால் காபன் போய்விடும் என்பதும் தவறு. ஒக்டேன் என்பது எஞ்சின் தட்டாமல் இருப்பதற்கான அளவு, சுத்தத்துக்கான அளவு அல்ல.

கார்க் கம்பனிகளே இதற்குச் சாட்சி. டொயோட்டாவின் டி-4எஸ் முறையில் சிலிண்டருக்குள் ஓர் இன்ஜெக்டர், காற்றுக் குழாயில் இன்னொன்று. ஃபோர்ட் நிறுவனமும் 2017 எஃப்-150 வாகனத்தின் 3.5 லீற்றர் எஞ்சினில் அந்த இரண்டாவது இன்ஜெக்டரைச் சேர்த்தது. இதில் கிடைக்கும் பலன்களில் ஒன்று, வால்வு மீண்டும் பெற்றோலால் கழுவப்படுவது.

ஆகவே உங்கள் எஞ்சின் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் நிறைய ஓடும் முதல் தலைமுறை ஹொண்டா வெஸல் ஹைபிரிட் நேரடி உட்செலுத்தல். முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவும் சுசுகி வெகன் ஆரும் பழைய முறை. அந்தக் கார்க்காரருக்கும் அதே பயத்தைக் காட்டி அதே வேலையை விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

படிவு கூடினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் நடுங்கும், இழுவை குறையும், பெற்றோல் கூடுதலாகப் போகும். ஆனால் பழுதான பிளக், கொயில்கூட இதே அறிகுறிகளைத் தரும். அதனால் பணம் கட்டுமுன் கராஜில் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. பிளக், கொயில் பார்த்தாயிற்றா?
2. சிறிய கமரா விட்டு வால்வின் படத்தைக் காட்ட முடியுமா?
3. நீங்கள் செய்யும் முறை வால்வின் பின்பக்கத்தை எப்படி அடைகிறது?

இறுகிய படிவுக்குச் சரியான வைத்தியம், உள்ளெடுப்புக் குழாயைக் கழற்றி, வால்வு மூடிய நிலையில், அரைத்த வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து உறிஞ்சி எடுப்பது. அந்த வசதி உங்கள் ஊரில் இல்லாவிட்டால், அதே போலக் கழற்றி, திரவத்தில் ஊறவைத்துக் கையால் சுரண்டலாம். வால்வு திறந்திருந்தால் தூள் சிலிண்டருக்குள் விழும், ஆகவே கை தேர்ந்த மெக்கானிக்கிடமே கொடுங்கள். காற்று வழியில் அடிக்கும் ஸ்ப்ரே புதிய, மென்மையான படிவை ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான்.

இதைவிட மலிவானது தடுப்பு. கையேட்டில் சொன்ன தரத்திலேயே ஓயில் போடுங்கள், தவணை தவறாமல் மாற்றுங்கள், அளவுக்கு மேல் ஊற்ற விடாதீர்கள். பிசிவி வால்வைச் சேர்விஸில் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கும் கடைக்கும் மட்டுமே ஓடும் கார், எஞ்சின் சூடேறுமுன் நின்றுவிடுகிறது. இடைக்கிடை நீண்ட தூரமும் ஓட்டுங்கள். இவையெல்லாம் படிவதைத் தாமதப்படுத்தும், முற்றாக நிறுத்தாது.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மூடியைத் திறந்து பார்க்கத் தெரியாதவன் உங்களை நம்பி விட்டுப் போகும் வாகனம் ஓர் அமானிதம். அளவையில் குறைப்பது மட்டுமல்ல, பயன் தராது என்று தெரிந்தே ஒன்றை விற்பதும் மோசடிதான். "உங்கள் காருக்கு இது தேவையில்லை" என்று சொல்லி அனுப்பும் மெக்கானிக்கை நான் பத்துப் பேருக்குச் சிபாரிசு செய்வேன். நீங்களும் செய்யுங்கள்.