அப்பீலில் எதிர்ப்பிராதா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் சிறுவழக்குக் கோர்ட் என்பதாக ஒன்று இருக்கிறது. 2024 முதல் தனி மனிதன் அதில் 12,500 டாலர் வரையில் பிராது கொடுக்கலாம். விசாரணையில் வக்கீல் வந்து வாதாட முடியாது. வாதியும் பிரதிவாதியும் தங்கள் வாயாலேயே பேசவேண்டும். தரகன் இல்லாமல் காரியம் நடக்கும் இடம் எதுவானாலும் நமக்குப் பிடித்தமானதேயாகும். ஆனால் தரகனை ஒழித்த இடத்தில் மனிதன் தன் சொந்த அறிவை உபயோகித்தாக வேண்டுமல்லவா? அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு வீட்டுக்காரன், குடியிருந்தவன் மீது 3,000 டாலருக்குப் பிராது போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். குடியிருந்தவனுக்கோ அவனிடமிருந்து முன்பணம் 4,000 டாலர் வரவேண்டும். காலிசெய்த 21 நாளைக்குள் முன்பணத்தையாவது, பிடித்தம் செய்ததற்குக் கணக்கையாவது கொடுக்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். வீட்டுக்காரன் இரண்டையும் செய்யவில்லை. நம் குடியிருந்தவன், "நியாயம் நம் பக்கம், அது தானே ஜெயிக்கும்" என்று வெறுங்கையோடு போய் நின்று தோற்றுவிடுகிறான். நியாயம் எங்கேயப்பா தானே ஜெயித்தது?

பிறகு அப்பீல் போடுகிறான். அப்பீலில் வேறொரு நீதிபதி முதலிலிருந்து புதிதாக விசாரிப்பார், வக்கீலும் வைத்துக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டதும், "சரி, இப்போது நம் 4,000 டாலரையும் கேட்டுவிடலாம்" என்று கிளம்புகிறான். முடியாது. புதிய விசாரணை என்றால் புதிய பிராது என்று அர்த்தமல்ல. கீழே விசாரித்த சங்கதிதான் மேலே விசாரிக்கப்படும். எதிர்ப்பிராதை முதல் விசாரணைக்கு முன்பே தாக்கல் செய்து, 5 நாளைக்கு முன்னதாக எதிரிக்குச் சேர்ப்பித்திருக்க வேண்டும். தனக்கே சம்மன் 10 நாள் அல்லது அதற்கும் குறைவான அவகாசத்தில் வந்திருந்தால் மாத்திரம் 1 நாள் முன்பு போதும்.

இது அநியாயம் என்பாருண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். அந்தக் கோர்ட்டைத் தேடிப்போன வாதி தன் பிராதில் தோற்றால் அவனுக்கு அப்பீலே கிடையாது. இழுத்து வரப்பட்டவனுக்குத்தான் அது உண்டு. அப்பீல் தீர்ப்போ முடிவானது. அங்கே புதுக் கோரிக்கையைப் புகுத்தினால் எதிரிக்கு அதன்மேல் ஒரே விசாரணைதான் மிஞ்சும்.

முன்பே எதிர்ப்பிராது போட்டு அதுவும் தோற்றிருந்தால் நிலைமை வேறு. வாதியின் பிராதின்மேல் பிரதிவாதி அப்பீல் போட்டதும், கீழே விசாரிக்கப்பட்ட அவனுடைய எதிர்ப்பிராதும் கூடவே மேலே போய்விடுகிறது. ஒரு காகிதத்தை வேளையில் போட்டதற்கு இவ்வளவு பலன்!

போடாதவனுடைய பாத்தியம் செத்துவிடவில்லை. சிறுவழக்கில் எதிர்ப்பிராது கட்டாயமில்லையாதலால், முன் வழக்கில் தீர்ந்துபோன சங்கதியாக இல்லாமலும் கெடு தாண்டாமலும் இருந்தால் தனிப் பிராது கொடுக்கலாம். ஆனால் அதில் அவனே வாதி. தோற்றால் அப்பீல் இல்லை.

நிற்க, அப்பீலுக்குக் கெடு, தீர்ப்பு அறிவிப்பு அனுப்பப்பட்டதிலிருந்து 30 நாள். கட்டணம் 75 டாலர். விசாரணைக்கே போகாமல் தோற்றவன் நேரே அப்பீல் போட முடியாது. தீர்ப்பை ரத்துச் செய்யும்படி அதே கோர்ட்டில் முதலில் மனுப்போட வேண்டும்.