காதுக்குக் கிடைத்த நீதி கண்ணுக்கு இல்லையா?

1996ஆம் ஆண்டு ஓம் பீரங்கனா சமய சங்க வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி அளித்த தீர்ப்பு ஒலிபெருக்கியைப் பற்றியது. எனினும் அதன் பொருள் ஒலிபெருக்கியோடு முடிந்துவிடவில்லை. பேசுவதற்கு ஒருவருக்கு உரிமை உண்டென்றால் கேளாதிருப்பதற்கு மற்றவருக்கும் உரிமை உண்டு. விரும்பாதவரைச் சிறைப்பட்ட கேட்பாளராக்க எவருக்கும் அதிகாரமில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். சென்னையில் எழுந்த மெஜஸ்டிக் காலனி வழக்கில் 2000ஆம் ஆண்டிலும், ஒலி மாசு பற்றிய வழக்கில் 2005ஆம் ஆண்டிலும் உச்ச நீதிமன்றம் இதே திசையில் உறுதியாக நடந்தது. இவ்வாறு இந்தியச் சட்டத்தில் காதுக்கு ஒரு வேலி கிடைத்தது.

கண்ணுக்கு அத்தகைய வேலி இன்றுவரை இல்லை. சில்லறை விற்பனைக் கடைகளுக்குள் நகரும் புரொஜெக்டர்களால் பொருள்களை விளம்பரம் செய்யும் முறை, அந்த வெற்றிடத்தில்தான் கால் ஊன்றுகிறது. தரையில் ஒரு குளிர்பானப் புட்டி உருள்கிறது. அலமாரி விளிம்பில் சோப்பு நுரை பொங்குகிறது. நடப்பவரின் காலடியில் ஓர் அம்புக்குறி ஓடி வழிகாட்டுகிறது. இதனை அலங்காரம் என்று கருதிக் கடந்துசெல்வோர், கடையில் நிற்கும் மனிதரின் கவனம் அவருடைய இசைவின்றிக் கைமாறுவதைக் காணத் தவறுகின்றனர்.

இக்கருவிகளில் இரு வகை உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால்தான் விவாதம் குழம்புகிறது. முதல் வகை ‘கோபோ’ விளக்கு. வணிகச் சின்னம் பொறித்த சிறு கண்ணாடி வில்லையை எல்.இ.டி. விளக்கின் முன் வைத்து ஒரு மோட்டார் சுழற்றும்; தரையில் அச்சின்னம் வட்டமிடும். விலை குறைவு; நுட்பமும் குறைவு. இரண்டாம் வகைக்கு ஆய்வகப் பிறப்பு. 2001இல் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கிளாடியோ பின்ஹானெஸ் ‘எவ்ரிவேர் டிஸ்ப்ளேஸ்’ என்னும் கருவியை அறிமுகப்படுத்தினார். புரொஜெக்டரின் முன்னே கணினி திருப்பும் ஒரு கண்ணாடி. அதன் வழியே படம் சுவருக்கும் மேசைக்கும் தரைக்கும் தாவும். சாய்ந்த பரப்பில் கோணலாக விழாதிருக்க, படத்தை முன்கூட்டியே எதிர்ப்புறம் கோணலாக்கி அனுப்பும் கணக்கும் உடன் இருந்தது. அருகே ஒரு கேமராவும் இருந்தது. 2003இல் அதே ஆய்வுக் குழு, சில்லறைக் கடைச் சூழலில் இதனைப் பயன்படுத்திய அனுபவத்தைக் கட்டுரையாக்கியது. ஒருவர் நெருங்கி வருவதை அறிந்து படம் மாறும் ஏற்பாடு அப்போதே உருவாகிவிட்டது. பின்னர் பானசோனிக்கின் ‘ஸ்பேஸ் பிளேயர்’, எப்சனின் ‘லைட்சீன்’ ஆகியவை விளக்கின் உருவிலேயே புரொஜெக்டரைக் கூரையில் பொருத்த வழிசெய்தன. மேலே இருப்பது விளக்கா, புரொஜெக்டரா என்று வாடிக்கையாளர் அறிய வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை உளவியல் தெளிவாகச் சொல்கிறது. பார்வைப் புலத்தில் திடீரெனத் தோன்றும் பொருள் கவனத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் என்பதை யாண்டிஸ், ஜோனைட்ஸ் இருவரும் 1984இல் காட்டினர். 2003இல் ஏப்ரம்ஸ், கிறைஸ்ட் ஆகியோர் அடுத்த படிக்குச் சென்றனர்: கவனத்தைப் பறிப்பது தொடர்ந்து நிகழும் அசைவன்று, அசைவின் தொடக்கம். ஓயாது சுழலும் சின்னம் சற்று நேரத்தில் மின்விசிறியைப் போலப் பழகிவிடும். ஆனால் ஒருவர் அருகில் வரும்போது மட்டும் அசையத் தொடங்கும் படம் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. ஒவ்வொரு முறையும் அது புதிய தொடக்கம். ‘பிடிக்கவில்லையென்றால் பார்க்காமல் போகலாமே’ என்னும் விற்பனையாளர் வாதம் இவ்விடத்தில் உடைகிறது. பார்ப்பதா வேண்டாமா என்று மனம் முடிவெடுப்பதற்குள் கவனம் போய்விடுகிறது. முடிவெடுக்க இடம் தராத ஒன்றைத் தேர்வு என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

இது எத்தகைய இடத்திற்குள் நுழையக் காத்திருக்கிறது என்பதற்குத் தென் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. ரவீந்திர சரோவர் ஏரிக்குத் தெற்கே, ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த நடுத்தர வர்க்கக் குடியிருப்பு அது. வங்காளிகள் ‘முதிர் தோகான்’ என்று அழைக்கும் மளிகைக் கடையில் பொருள் கேட்டுப் பெறப்படுகிறது. கடைக்காரருக்கு வீட்டாரைத் தெரியும். எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டால் அவர் ஒரு பதில் சொல்வார். அந்தப் பதில் பொய்த்தால் மறுநாள் அதே முகத்தை எதிர்கொள்ள வேண்டும். பரிந்துரைக்கு ஒரு பொறுப்பாளி உண்டு. அங்கிருந்து சிறிது தொலைவில், பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில், உஷா தையல் இயந்திரங்களையும் மின்விசிறிகளையும் செய்த ஜெய் இன்ஜினியரிங் தொழிற்சாலையின் நிலத்தில் 2008இல் சவுத் சிட்டி மால் திறக்கப்பட்டது. பொருள் செய்த இடம் பொருளைப் பார்க்கும் இடமாயிற்று. அவ்வட்டாரத்தின் எந்தக் கடையில் இன்று எந்தக் கருவி உள்ளது என்பது இங்கே கேள்வியன்று. எதில் வந்தாலும் கேட்பதற்கு விதி இல்லை என்பதே கேள்வி.

கொல்கத்தாவுக்கு விளம்பரப் படம் புதிதா என்று சிலர் வினவக்கூடும். புதிதன்று. 1898இல் ராயல் பயாஸ்கோப் நிறுவனத்தைத் தொடங்கிய ஹீராலால் சென், இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே ஜபாகுசும் தலைமுடி எண்ணெய்க்கும் எட்வர்ட்ஸ் டானிக்குக்கும் விளம்பரப் படம் எடுத்தவர். தமிழகத்தில் 1905 முதல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகப் புரொஜெக்டரைக் கொண்டுசென்றார். பிற்காலத்து டூரிங் டாக்கீஸ்களில் உள்ளூர் ஜவுளிக்கடை ஸ்லைடுகளுக்கும் குறைவில்லை. எனினும் அங்கே ஒரு சட்டகம் இருந்தது. பார்வையாளர் காசு கொடுத்து, உட்கார்ந்து, திரையை நோக்கியே வந்திருந்தார். விளம்பரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அவர் அறிவார். நகரும் புரொஜெக்டர் அந்தச் சட்டகத்தைக் கழற்றி எறிகிறது. தரையும் தூணும் அலமாரியும் மனித உடலும் திரையாகின்றன. விளம்பரத்திற்கு வெளியே என்று சுட்ட ஓர் அங்குலமும் எஞ்சுவதில்லை.

வணிகமும் விளக்கும் தமிழுக்குப் பழைய உறவு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், விடியலுக்கு முன் புகார்க் கடற்கரையில் எரியும் விளக்குகளை இளங்கோவடிகள் வகைவகையாக அடுக்குகிறார். சாந்தும் மலரும் விற்போரின் விளக்கு வேறு, அப்பம் விற்போரின் விளக்கு வேறு, மீன் விற்போரின் விளக்கு வேறு. ஒவ்வொரு விளக்கும் தன் பொருளின் அருகில் நின்றது. அப்பொருளையும் விற்பவரையும் காட்டிற்று. பொருள் தெரிய ஒளி என்பது அங்காடியின் தொல்லறம். பொருளின்மேல் வேறொரு பொருளின் படத்தை வீழ்த்தும் ஒளி அந்த அறத்தைத் தலைகீழாக்குகிறது.

இதன் நடைமுறை விளைவு சிட்டையில் தெரியும். 2011ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருள்கள் விதிகள், நிகர எடை, அதிகபட்ச விற்பனை விலை, தயாரிப்பாளர் பெயர் முதலியவற்றை உறைமேல் அச்சிடக் கட்டாயப்படுத்துகின்றன. ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு விலை என்ன என்று காட்டும் அலகு விலையை 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. பெரிய பொட்டலம் உண்மையில் மலிவா என்பதை வாங்குபவர் அறிய வேண்டும் என்பதே நோக்கம். அச்சிறு எழுத்தைப் படிக்க நிலையான ஒளியும் சில நொடி அமைதியும் வேண்டும். புரொஜெக்டரால் கருமையை வீச இயலாது. ஒளியைக் கூட்டத்தான் இயலும். ஆகவே படம் தெரிய வேண்டுமானால் கடை விளக்கைக் குறைக்க வேண்டும், அல்லது படத்தின் ஒளியைப் பெருக்க வேண்டும். எப்படியாயினும் சிட்டையைப் படிப்போருக்கே இழப்பு.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இதே கருவியால் நேரெதிரான நன்மையையும் செய்ய இயலும். பிள்ளைகள் தொலைவில் இருக்கத் தனித்து வாழும் முதியோர் தென் கொல்கத்தாவில் பலர். அவர்கள் கையில் எடுக்கும் பொட்டலத்தின் சர்க்கரை அளவையும் காலாவதி நாளையும் அலகு விலையையும் பெரிய எழுத்தில், வங்காளத்திலோ இந்தியிலோ தமிழிலோ, மேசைமேல் காட்டுவது அந்நுட்பத்திற்கு எளிய வேலை. அது ஏன் விற்பனைக் கையேடுகளின் முதல் பக்கத்தில் இல்லை? அதற்குப் பணம் தருவார் எவருமில்லை. சர்க்கரை அளவைப் பெரிதாக்கிக் காட்ட எந்தப் பிஸ்கட் நிறுவனமும் கட்டணம் செலுத்தாது. ஒளி எங்கே விழ வேண்டும் என்பதைக் கண்ணாடி முடிவு செய்வதில்லை. கட்டணம் செலுத்துபவர் முடிவு செய்கிறார். குற்றம் கருவியின் மேலன்று, அதன் திசையை விலைக்கு விட்டதன் மேல்.

வாடிக்கையாளருக்காவது வெளியேறும் கதவு உண்டு. விற்பனைப் பணியாளருக்கு அதுவும் இல்லை. சிறைப்பட்ட கேட்பாளர் என்னும் சொல்லுக்குக் கடைக்குள் முழுப் பொருளில் உரியவர் அவரே. கணக்கு எளியது: 3000 லூமென் ஒளியை 2 சதுர மீட்டரில் குவித்தால், கண்ணாடியில் நேரும் இழப்பை நீக்கிப் பார்க்க, அவ்விடத்தில் 1500 லக்ஸ் விழும். சில நூறு லக்ஸ் போதுமான இடத்தில், அலமாரிப் பக்கம் திரும்புந்தோறும் அவர் முகத்திலும் சீருடையிலும் ஒளி ஏறி இறங்கும். வாடிக்கையாளர் அருகில் வரும்போதெல்லாம் அசையும் படம், ஒரு முழு வேலைநாளில் அவருக்கு எத்தனை முறை அசையும்? ரங்கநாதன் தெருக் கடைகளின் உழைப்பை ‘அங்காடித் தெரு’ 2010இல் திரைக்குக் கொண்டுவந்தது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதன் தொடர்ச்சியாகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் 22-அ பிரிவின் வழியே பணியாளருக்கு இருக்கையைக் கட்டாயமாக்கியது. உட்காருவதற்கே 2021 வரை காத்திருக்க நேர்ந்த ஒரு தொழிலாளர் பிரிவு, தன் கண்ணை மூடி ஓய்வெடுக்கும் உரிமைக்கு இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பது?

எதிர்த்தரப்பின் இரு வாதங்கள் எஞ்சியுள்ளன. ஒன்று, ஃபிளெக்ஸ் பதாகையும் அட்டைப் பலகையும் குப்பையாகின்றன, ஒளி குப்பையாவதில்லை என்பது. பாதி உண்மை. ஆனால் மின்சாரமும் ஆயுள் முடிந்த மின்னணுக் கழிவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. மற்றொன்று, கடை தனியார் இடம் என்பது. தனியார் இடத்தில்தான் தொழிற்சாலைச் சட்டமும் தீ பாதுகாப்பு விதியும் எடையளவுச் சட்டமும் செல்லுபடியாகின்றன. தராசு கடைக்காரருடையது; ஆயினும் அதன் முத்திரை அரசுடையது. கண்முன் வீழ்த்தப்படும் ஒளிக்கு மட்டும் விலக்களிக்கக் காரணம் என்ன?

சட்டங்களோ கடை வாசலிலேயே நின்றுவிடுகின்றன. வெளிப்புற விளம்பரத்தைத் துடைத்தெறிந்து 2007இல் நடைமுறைக்கு வந்த சாவோ பாவ்லோவின் ‘தூய நகரச் சட்டம்’கூடப் பொதுவெளியிலிருந்து தெரியும் விளம்பரத்தைப் பற்றியதே. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டு, விளம்பரம் என்று தெரியாதபடி மறைத்துத் தரும் விளம்பரத்தையும் அவற்றுள் சேர்த்தன. ஆனால் அவற்றின் மனத்தில் இருந்தது இணையத் தளத்தின் இடைமுகம். அதே ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவைக் கோருகிறது. யார் என்று அறியாமல் ‘ஒருவர் வருகிறார்’ என்று மட்டும் அறியும் கேமரா அதன் பிடியில் சிக்குமா என்பது ஐயத்திற்குரியது. கடையின் தரை முழுதும் இடைமுகமாகிவிட்ட பின்னரும், இடைமுகம் என்றால் கைப்பேசித் திரை என்றே சட்டம் எண்ணிக்கொண்டிருக்கிறது.

வேண்டுவன மிகையானவை அல்ல. மனிதர் நெருங்குவதை உணர்ந்து அசையத் தொடங்கும் விளம்பரத்துக்குத் தடை. விலைச்சீட்டின்மீதும் உறைச் சிட்டையின்மீதும் மனித உடலின்மீதும் படம் விழக் கூடாது என்னும் விதி. கட்டணம் பெற்று வீழ்த்தப்படும் படம் எதுவாயினும் ‘விளம்பரம்’ என்னும் சொல்லைத் தாங்க வேண்டும் என்னும் கட்டாயம். பணியாளர் நிற்கும் இடத்தில் ஒளியளவுக்கு வரம்பு, அதை அளப்பதில் அவர்களுக்கும் ஓர் இடம். நான்கே விதிகள். மேற்கு வங்கத்தின் 1963ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம் இயற்றப்பட்டபோது அலமாரிகளுக்கிடையே நகரும் படம் எவர் கற்பனையிலும் இல்லை. இன்று இருக்கிறது.

இறுதியாகக் கல்விப்புலத்தின் பங்கு. இக்கருவி சந்தையில் பிறந்ததன்று. ஆய்வுக் கட்டுரையில் பிறந்தது. சந்தையியல் ஆய்வு அதன் வெற்றியை அளக்கக் கையாளும் அலகுகள் இரண்டு: வாடிக்கையாளர் நின்ற நேரம், கூடிய விற்பனை. வாடிக்கையாளர் எதைப் படிக்காமல் விட்டார் என்பதற்கு அலகு இல்லை. பணியாளரின் மாலைநேரத் தலைவலிக்கும் அலகு இல்லை. அளக்கப்படாதது இல்லாததாகவே கருதப்பட்டுவிடும். லேக் கார்டன்ஸிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஒளியூட்டல் அறிவியலுக்கென்றே ஒரு தனிப் பள்ளி இருக்கிறது. லக்ஸ்மானி அங்கே உண்டு. சமூகவியலும் பொருளியலும் அதே வளாகத்தில் உண்டு. ஒலியின் அளவை டெசிபலில் சொல்ல முடிந்ததால்தான் நீதிமன்றத்தால் காதுக்கு வரம்பு வகுக்க முடிந்தது. கண்ணுக்கான வழக்கு என்றேனும் வரும். அன்று நீதிபதியின் மேசைமேல் வைக்க விற்பனைக் கையேடு மட்டுமே இருக்குமானால், தோற்றது சட்டமன்று, ஆய்வுலகம்.