கலப்பா, கலப்படமா?

சென்ற மாதம் என் மகளின் பிறந்தநாளுக்குக் குருகிராமில் ஒரு மெக்ஸிகன் ஓட்டலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். அம்மாவும் வந்தார். நாற்பது வருட டெல்லி வாசத்தில் அவர் வெளியே சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மெனு அட்டையைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. பன்னீர் டிக்கா டாக்கோ, கொரியாக்காரர்களின் கிம்ச்சி வைத்த புரிட்டோ, ஷெஸ்வான் சாஸ் ஊற்றிய நாச்சோஸ்! "என்னடா இது கலப்படம்?" என்றார் அம்மா. மகளின் முகம் சுண்டிவிட்டது.

அன்பர்கள் பலர் வீட்டிலும் இந்தக் காட்சி நடந்திருக்கும். நான் இதில் பிள்ளைகள் கட்சி. கலப்பது குற்றமென்றால் முதல் குற்றவாளி நம் சாம்பார்தான். மிளகாயும் தக்காளியும் மெக்ஸிகோ பக்கத்துச் சரக்கு. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மிளகாய்க்கு மிளகின் பெயரையே ஒட்டவைத்துச் சொந்தமாக்கிக்கொண்டோம். மெக்ஸிகோவிலும் இதே கதைதான். லெபனானிலிருந்து பிழைக்கப் போனவர்களின் ஷவர்மா, அங்கே ஆட்டிறைச்சிக்குப் பதில் பன்றி இறைச்சியும், ரொட்டிக்குப் பதில் மக்காச்சோள டார்ட்டியாவுமாக மாறி 'டாக்கோ அல் பாஸ்டோர்' ஆயிற்று. சின்ன வெங்காயம் கிடைக்காத நாளில் பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டவர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

என் குறை வேறு. அந்த ஊரில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, அரைத்துத்தான் டார்ட்டியா தட்டுவார்கள். அதனால் தோல் கழலும், மாவு ஒட்டும், தானியத்திலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேரும். ஐரோப்பியர் மக்காச்சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லக்ரா நோய் பிடித்தது.

எங்கள் தட்டுக்கு வந்ததோ மைதா ரொட்டி, மேலே சீஸ் குவியல். மக்காச்சோளத்தில் கிடைக்குமா என்றால் பரிமாறிய பையன் விழித்தான். (பீன்ஸ் மசியலை அவர்கள் மரபில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்கு மட்டும் "ரிஃபைண்ட் ஆயில் சார்" என்று உடனே பதில் வந்தது.) எதை வேண்டுமானாலும் சேர்க்கட்டும். எதோடு சேர்க்கிறோம் என்பது சமைப்பவருக்காவது தெரிய வேண்டாமா? பாக்கெட் பொடியில் சாம்பார் பழகும் நம் பிள்ளைகளைப் பற்றியும் எனக்கு இதே கவலைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் கடையில் வாங்கிய மக்கி ஆட்டாவில் டார்ட்டியா தட்டிப் பார்த்தாள். விளிம்பெல்லாம் விரிசல். சுண்ணாம்பு காணாத மாவு அப்படித்தான் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, "எந்தச் சுண்ணாம்பு? வெற்றிலைக்குத் தடவுவதா?" என்று கேட்டபடி அம்மா உள்ளே வந்தார்.

அதேதான் என்றேன்.

"அப்போ முழுச் சோளமா வாங்கிட்டு வா கண்ணு. கிரைண்டர் சும்மாதானே கிடக்கு" என்றார் பேத்தியிடம்.