பள்ளி வாயிலில் பறை நிற்கிறது

இசை எல்லோர்க்கும் பொது என்று மேடைதோறும் முழங்குகிறோம். பள்ளிக்கூடத்தில் மட்டும் அதற்குத் தனிப்பட்டா எழுதி வைத்திருக்கிறோம்! இசைக் கல்வி என்றால் சரளி வரிசை, அலங்காரம், கீர்த்தனை. தெம்மாங்கும் ஒப்பாரியும் வில்லுப்பாட்டும் பறையும் 'கிராமியக் கலை' என்ற பெயரோடு ஆண்டுவிழாவுக்கு அழைக்கப்படும்; வகுப்பறைக்கு அழைக்கப்படா.

தமிழ் மரபு இப்படியா பிரித்தது? தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்குகையில் யாழையும் பறையையும் ஒரே வரிசையில் வைத்தார். இளங்கோவடிகள் மாதவியின் அரங்கேற்றத்தைப் பாடியதோடு நிற்கவில்லை. வேட்டுவ வரிக்கும் ஆய்ச்சியர் குரவைக்கும் குன்றக் குரவைக்கும் தனித்தனிக் காதையே வகுத்தார். காப்பியத்துள் நுழைந்த ஆய்ச்சியர்க்குப் பாடத்திட்டத்துள் நுழைய வழியில்லையாம்!

"அடிப்படை முதலில், மற்றவை பின்னர்" என்பர் சிலர். அடிப்படை வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் அது ஒரே இசைவகைக்குள்தான் அடங்கிக் கிடக்கிறதா? ஆயர் மகளிர் எழுவர்க்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரையே சூட்டி ஆடவைத்தாள் மாதரி. ஆயர் சேரியின் ஆட்டத்திலேயே இசையிலக்கணம் நடந்ததே! பறையின் அடவுகளில் தாளக் கணக்கு இல்லையா?

1943-இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. பாட்டின் மொழி எது என்று அன்று கேட்டோம், கேட்டது நியாயம். பாடத்தில் இடம்பெறும் இசை எவருடையது என்று இன்று கேட்க வேண்டும், அதுவும் நியாயமே.

அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவை முறையான பாடங்கள். நாட்டுப்புறக் கலைகள் அண்மை ஆண்டுகளில் பகுதிநேரப் பயிற்சியாக வந்துள்ளன. வரவேற்கிறோம். ஆனால் விருந்தாளிக்குத் திண்ணையில் பாய் விரித்துவிட்டு, வீட்டுக்குள் அழைத்தோம் என்று சொல்லலாமா?

2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கலைஞனுக்கு விருது, அவன் கலைக்கு ஓரப் பாய். இது என்ன நீதி?

கருநாடக இசையை வெளியேற்றச் சொல்லவில்லை. அதன் அருகில் மற்றவற்றுக்கும் சமமான இருக்கை கேட்கிறோம். அதற்கு முதற்படி, தலைமுறை தலைமுறையாய்க் கற்ற கலைஞனை, பட்டமில்லை என்று தள்ளாமல் ஆசிரியனாய் அமர்த்துவது. அவன் கலையை அவன் முறையிலேயே கற்பிக்க விடுவது.

பாட்டன் அடித்த பறையை இசையென்று பாடநூல் ஒப்பாதபோது, பேரன் கற்பது இசையன்று, நாணம். அந்தப் பாடத்தை இனியும் நடத்தலாகாது.